எந்தக் கார் வென்றது?

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இன்னொரு டீக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்று பேச்செடுத்தால் எல்லோரும் வேகத்தைக் கேட்பார்கள், அடுத்து விலையைக் கேட்பார்கள். எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது, இந்தக் கார் யார் யார் கையில் இருந்தது, நடுவில் எங்காவது அந்தத் தொடர்ச்சி அறுந்திருக்கிறதா என்பதுதான். நிலம் வாங்கப் போகிறவர் தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றமாகப் பார்த்துக்கொண்டு வருகிறாரே, அதே பார்வைதான். நிலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கார் ஓடும், மோதும், எரியும். அதன் என்ஜினைக் கழற்றி வேறொன்றில் பூட்டுவார்கள். பாடியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். அறுபது வருஷம் கழித்து ஒருவர் வந்து, "இதுதான் அந்தக் கார்" என்று சொன்னால், அந்த "அந்த" எங்கே இருக்கிறது?

லண்டன் உயர் நீதிமன்றத்தில் 1990-ல் இந்தக் கேள்வி ஒரு வழக்காகவே வந்தது. பிரிட்டனில் ஒரு சேகரிப்பாளரிடம் ஒரு பென்ட்லி இருந்தது. மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் என்ற கம்பெனி அதை வாங்கிக்கொள்ள 1990 ஏப்ரல் 7 அன்று ஒப்புக்கொண்டது. விலை சுமார் 1 கோடி பவுண்டு. பிறகு வாங்குபவர் தரப்பு பின்வாங்கியது. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற கார் என்று சொன்னீர்கள், ஆனால் அந்தக் காரின் இரும்பு இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டது. விற்றவர் வழக்குப் போட்டார். காரின் பெயர் ஓல்டு நம்பர் ஒன்.

அது எப்படிப்பட்ட கார் என்று தெரிந்தால்தான் வழக்கின் கனம் புரியும். டபிள்யூ. ஓ. பென்ட்லி 1919-ல் தொடங்கிய கம்பெனி, லண்டனின் வடமேற்கில் க்ரிக்கிள்வுட்டில் கார் செய்துகொண்டிருந்தது. செய்ததெல்லாம் அருமை, கையில் மட்டும் காசு நிற்கவில்லை. 1926-ல் வுல்ஃப் பார்னாட்டோ பணம் போட்டுத் தலைவரானார். கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் பெரும் செல்வம் சேர்த்த பார்னி பார்னாட்டோவின் மகன் அவர். பணம் போட்டவர் என்பதோடு நின்றுவிட்ட ஆளும் அல்ல. லெ மானில் மூன்று முறை இறங்கி, 1928, 1929, 1930 என்று மூன்று முறையும் வென்றவர். முதலாளியே ஓட்டுநராக இருந்து இப்படி வென்றது மோட்டார் பந்தய வரலாற்றில் அபூர்வம்.

அவர் 1929-லும் 1930-லும் ஓட்டி வென்றது ஒரு ஸ்பீடு சிக்ஸ். ஆறு சிலிண்டர், ஆறரை லிட்டர் என்ஜின். சேஸிஸ் எண் எல்பி 2332. பதிவு எண் எம்டி 3464. இதில் எம்டி என்பது மிடில்செக்ஸ் கவுண்டியின் குறியீடு. கார் பிறந்த க்ரிக்கிள்வுட் பட்டறையைச் சுற்றியிருந்த கவுண்டி அதுதான். 1929 ஜூனில் பார்னாட்டோவும் டிம் பிர்கினும் மாறி மாறி ஓட்டி முதலிடம் பிடித்தார்கள். அந்த வருஷம் முதல் நான்கு இடங்களும் பென்ட்லிக்கே. அடுத்த வருஷம் பார்னாட்டோவும் க்ளென் கிட்ஸ்டனும் அதே நம்பர் ஒன்னில் மறுபடி முதலிடம். ஒரே கார் அடுத்தடுத்து இரண்டு முறை லெ மானை வென்றது என்று உலகம் பாராட்டியது.

ஒரே கார்தானா? வழக்கின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. பந்தயக் காரை யாரும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுவதில்லை. ஒரு சீசன் முடிந்தால் பிரித்துப் போட்டு, தேய்ந்ததை மாற்றி, அடுத்த வருஷ விதிகளுக்கு ஏற்பத் திருத்திக் கட்டுவார்கள். 1930-ல் ஓடியது 1929-ல் ஓடியதிலிருந்து ஏற்கெனவே பெரிதும் மாறியிருந்தது.

1930 வெற்றியோடு பென்ட்லி கம்பெனி பந்தயத்திலிருந்து விலகியது. மறுவருஷம் ஜூலையில் கடன் தாளாமல் கம்பெனியே ரிசீவர் கைக்குப் போனது. இதை ஓர் இடைக்குறிப்பாகச் சொல்ல வேண்டும்: பென்ட்லியை வாங்கப் போவது நேப்பியர் கம்பெனி என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் சென்ட்ரல் ஈக்விட்டபிள் டிரஸ்ட் என்ற முன்பின் தெரியாத பெயரில் ஒருவர் கூடுதல் விலை கேட்டு வாங்கினார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் என்பது டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கே பிறகுதான் தெரிந்தது. தன் பெயர் தாங்கிய கம்பெனி யாருக்குப் போனது என்று தெரியாமல் அந்த மனிதர் இருந்திருக்கிறார். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கம்பெனி போனாலும் நம்பர் ஒன் ஓய்வு பெறவில்லை. 1931-ல் ப்ரூக்லண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபியும் சிரில் பாலும் அதை ஓட்டி வென்றார்கள். சராசரி வேகம் மணிக்கு சுமார் 118 மைல், அதாவது 190 கிலோமீட்டர். அடுத்த வருஷப் பந்தயத்துக்கு எட்டு லிட்டர் என்ஜின் ஏறியது. 1932 செப்டம்பர் 24 அன்று, ஜாக்கின் தம்பி கிளைவ் டன்ஃபி ஓட்டிக்கொண்டிருந்தபோது, கார் ப்ரூக்லண்ட்ஸின் சாய்ந்த கான்கிரீட் வளைவின் உச்சி விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்தது. கிளைவ் உயிரிழந்தார். பார்னாட்டோ அந்தக் காரை விட்டுவிட மனமில்லாமல் மறுபடி கட்டவைத்தார், இந்த முறை கூரை போட்ட கூப்பேயாக, சாலையில் ஓட்டுவதற்கு. அதன்பின் பல கைகள் மாறின. பாடியும் மாறியது. 1990-ல் விலை பேசும்போது அது மறுபடி லெ மான் காலத்துத் திறந்த காரின் தோற்றத்தில் நின்றது.

வழக்கை விசாரித்த நீதிபதி ஆட்டன் இந்த வரலாறு முழுவதையும் ஒவ்வொரு பாகமாக, ஒவ்வொரு வருஷமாகக் கேட்டார். நிபுணர்கள் இரண்டு தரப்பிலும் நின்றார்கள். கடைசியில் அவர் கண்டது இது. 1929-ல் வென்ற காரிலிருந்து, உறுதியாக அடையாளம் சொல்லக்கூடிய எந்தப் பாகமும் மிஞ்சவில்லை. மிஞ்சியிருந்தால், எந்தக் காலத்தவை என்று சொல்ல முடியாத சில்லறைப் பொருத்துகள்தான். 1930-ல் வென்ற காரிலிருந்து மூன்றே மூன்று: பெடல் தண்டு, கியர்பாக்ஸின் கூடு, ஸ்டியரிங் தண்டு. இன்று தொட்டுப் பார்க்கக்கூடிய காரின் பெரும்பகுதி, 1932 பந்தயத்துக்காகக் கட்டியபோதும் விபத்துக்குப் பிறகு மறுபடி கட்டியபோதும் சேர்ந்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, தீர்ப்பு யாருக்குச் சாதகமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? விற்றவருக்கு.

நீதிபதி தந்த காரணங்களை நான் பலமுறை நிதானமாக யோசித்திருக்கிறேன். காரின் எந்தக் கட்டத்தை எடுத்துக்கொண்டாலும் அது நம்பர் ஒன்னாகவே இருந்தது. புதிய பாகங்கள் ஒரே நாளில் வந்து பழைய காரை விரட்டிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, காலப்போக்கில், அந்தக் காருக்குள் கலந்து அதன் பகுதியாகிவிட்டன. நான்கு சீசன் இடைவெளி இல்லாமல் உயர்மட்டப் பந்தயத்தில் அது ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று இருக்கும் கார்களிலும் சரி, அழிந்துபோன கார்களிலும் சரி, "நான்தான் ஓல்டு நம்பர் ஒன்" என்று நியாயமாக உரிமை கொண்டாட வேறு ஒரு பென்ட்லியும் இல்லை. அன்றைக்கு விற்பனைக்கு வந்தது இரும்பு மட்டும் இல்லை, அதோடு சேர்ந்து அந்த வரலாறும் பேரும்தான் என்றார் நீதிபதி. கூடவே, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கார் என்று இதைச் சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் எழுதிவைத்தார்.

இந்தத் தீர்ப்பு சரி என்பதே என் கட்சி. சரி என்று சொல்ல எனக்கு மிக முக்கியமாகப் படுவது, "வேறு ஒரு கார் இல்லை" என்ற அந்தக் கடைசிக் காரணம். அதைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். கழற்றிப் போட்ட லெ மான் காலத்து சேஸிஸ் ஏதோ ஒரு பட்டறையின் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்து, நாற்பது வருஷம் கழித்து யாரோ அதை எடுத்து, அதன்மேல் ஒரு ஆறரை லிட்டர் என்ஜினை வைத்து, பாடி கட்டி நிறுத்தியிருந்தால்? அப்போது லெ மானில் உண்மையாகவே ஓடிய இரும்பு ஒரு காரில், இடைவிடாத வரலாறு இன்னொரு காரில். நீதிபதியின் வேலை மிகவும் கடினமாகியிருக்கும். இது வெறும் கற்பனை இல்லை. பழைய பந்தயக் கார்களின் விலை ஏற ஏற, ஒரே சேஸிஸ் எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கொண்டாடும் தகராறுகள் பெரிய பெயர்கள் பலவற்றில் வந்திருக்கின்றன.

ஆகவேதான் காகிதம். இரும்பு எங்கே போனது, எப்போது போனது என்று இரும்பே பேசாது.

பென்ட்லி மாதிரியான கம்பெனிகள் அந்நாளில் முழுக் காரை விற்கவில்லை. என்ஜினோடு ஓடக்கூடிய சேஸிஸைத்தான் விற்றன. வாங்கியவர் அதை வாண்டன் பிளா, கர்னி நட்டிங், எச். ஜே. மல்லினர் என்று தனக்குப் பிடித்த பாடி கட்டும் பட்டறைக்கு அனுப்புவார். அதனால் ஒவ்வொரு காருக்கும் சேஸிஸ் எண், என்ஜின் எண், பதிவு எண், பாடி கட்டியவரின் கணக்கு என்று தனித்தனி அடையாளங்கள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால் நிம்மதி. பொருந்தாவிட்டால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டியதில்லை, எந்தக் கட்டத்தில் பிரிந்தன என்று தேட வேண்டும். பெரிய மூடிய பாடியோடு பிறந்த எத்தனையோ பென்ட்லிகள் பின்னாளில் அதை இழந்து, லெ மான் பாணித் திறந்த பாடியைப் பெற்றன. சிலவற்றின் சேஸிஸை நீளம் குறைத்தே கட்டினார்கள். அந்தக் கால பென்ட்லிகளுக்கு ஒரு நல்லூழ்: எந்தக் கார் எப்போது என்ன வேலைக்குப் பட்டறைக்கு வந்தது என்ற கம்பெனியின் சர்வீஸ் பதிவேடுகள் பெருமளவில் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

அரசுப் பதிவுகள் அவ்வளவு அதிர்ஷ்டம் செய்தவை அல்ல. பிரிட்டனில் 1904 ஜனவரி முதல் கார்களைப் பதிவு செய்தவை கவுண்டி, நகராட்சி மன்றங்கள். 1921-லிருந்து காரோடு ஒரு பதிவுப் புத்தகம் வந்தது, நம் ஊர் ஆர்.சி. புக் போல. பழுப்பு நிற அட்டை. உள்ளே, கை மாற மாற ஒவ்வொருவர் பெயரும் முகவரியும் எழுதி, மன்றத்தின் முத்திரை குத்துவார்கள். ஒரு காரின் வாழ்க்கை முழுவதும் சில பக்கங்களில் வரிசையாக நிற்கும். 1974-லிருந்து எல்லாம் ஸ்வான்ஸியில் உள்ள மத்திய அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே கணினியில் ஏற்றாமல் விட்ட கார்கள் 1983-க்குப் பிறகு தங்கள் பழைய எண்ணையே இழந்தன. தகுந்த பழைய ஆதாரம் காட்டினால் திரும்பப் பெறலாம், ஆனால் ஆதாரம் இருந்திருக்க வேண்டிய மன்றப் பேரேடுகளில் பலவற்றை, இனி வேண்டாம் என்று அழித்துவிட்டார்கள். வரலாறு தெரிந்தவர்கள் இதைப் பேசும்போது குரல் உயர்வதை நான் குறையாக நினைக்க மாட்டேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இப்போது பிரிட்டனில் தரும் பதிவுச் சான்றில் இருப்பது காரை வைத்திருப்பவராகப் பதிந்தவரின் பெயர். இது உரிமைக்கு ஆதாரம் இல்லை என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. தன்னுடையதல்லாததை ஒருவர் விற்றால் வாங்கியவருக்கு உரிமை வராது என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் அடிப்படை விதி. ஆகவே விற்பனைச் சீட்டு, காசோலை அடிக்கட்டை, வாரிசுகள் எழுதிய கடிதம், காப்பீட்டுத் தாள் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஏதாவது ஒன்று வேண்டும். ஒரு நல்ல காரின் கோப்பு காரை விடக் கனமாக இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

மாற்றிக் கட்டிய கார்களுக்காக பிரிட்டிஷ் அரசு பல காலம் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. மாற்றாத சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பாக்ஸ் தொகுதி, ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தலா 2, என்ஜினுக்கு 1. எட்டுப் புள்ளி தேறினால் பழைய பதிவு எண் தங்கும். அலுவலக வேலைக்கு வசதியான கணக்கு. ஆனால் லெ மானில் வென்றதற்கோ, விபத்துக்குப் பிறகும் உரிமையாளர் விடாமல் கட்டியதற்கோ அதில் ஒரு புள்ளியும் கிடையாது. நீதிபதி ஆட்டன் பார்த்த பார்வை இதைவிட ஆழமானது என்றே எண்ணுகிறேன்.

காகிதம் ஒரு கதையை எப்படித் திருத்தும் என்பதற்கு அதே பார்னாட்டோவின் இன்னொரு கார் இருக்கிறது. பிரான்ஸின் தென்கரையில் கான் நகரிலிருந்து கலே துறைமுகத்துக்கு ஓடிய புகழ்பெற்ற ப்ளூ ட்ரெயின் ரயிலை, தன் பென்ட்லியில் வென்றுகாட்டுவதாக 1930 மார்ச்சில் பந்தயம் கட்டினார். இரவு முழுக்க ஓட்டி, கால்வாயைக் கப்பலில் கடந்து, ரயில் கலே போய்ச் சேர்வதற்குச் சில நிமிஷம் முன்பே லண்டனில் தன் கிளப்புக்கு வந்துவிட்டார். எந்தக் காரில்? பல பத்தாண்டுகள் எல்லோரும் சொன்னது, கர்னி நட்டிங் கட்டிய தாழ்ந்த கூரை கொண்ட அழகான ஸ்பீடு சிக்ஸ் கூப்பே. டெரன்ஸ் குனியோ ரயிலையும் அந்தக் கூப்பேயையும் சேர்த்து வரைந்த ஓவியம் அந்தக் கதையை உறுதிப்படுத்திவிட்டது. ஆனால் அந்தக் கூப்பே கட்டி முடிந்து பார்னாட்டோவின் கைக்கு வந்தது 1930 மே மாதம். மார்ச்சில் அது சாலைக்கே வரவில்லை. ரயிலோடு போட்டியிட்டது அவரிடம் இருந்த இன்னொரு ஸ்பீடு சிக்ஸ், எச். ஜே. மல்லினர் கட்டிய சாதாரண நான்கு கதவு சலூன். இரண்டுமே ஒரே ஆளின் கார்கள் என்பதால் குழப்பம் எளிதாக வேர்விட்டது.

ஒரு தேதி, இவ்வளவு பெரிய கதையைப் புரட்டிப் போட்டது. இதில் எனக்குப் பிடித்தது, உண்மையைத் தேடிக் கண்டவர்களில் அந்தக் கூப்பேயை வாங்கியவரே ஒருவர் என்பது. தன் காரின் புகழ் குறையுமே என்று பயந்து அவர் கோப்பை மூடவில்லை. பாடியும் சேஸிஸும் பிரிந்து கிடந்த அந்தச் சலூனையும் தேடி வாங்கி ஒன்றுசேர்த்தார். கூப்பேயை இன்றும் ப்ளூ ட்ரெயின் பென்ட்லி என்றே அழைக்கிறார்கள். அதன் அழகுக்கு ஒரு குறையும் வரவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு வகையும் இப்போது வந்திருக்கிறது. ஜாகுவார் 1963-ல் எடை குறைந்த ஈ-டைப் பந்தயக் கார்கள் 18 செய்யத் திட்டமிட்டு எண்களை ஒதுக்கி, 12 மட்டும் செய்தது. மிச்சமிருந்த ஆறு எண்களுக்கும் 2014-ல் புதிய கார்கள் செய்ய முன்வந்தது. பென்ட்லியும் தன்னிடம் உள்ள 1929-ஆம் வருஷத்து சூப்பர்சார்ஜர் பந்தயக் காரைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, அதே மாதிரி 12 கார்கள் செய்து விற்றது. கம்பெனி உண்மையானது, வரைபடம் உண்மையானது, ஜாகுவாரில் எண் கூட அந்தக் காலத்ததுதான். வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் 1929-லோ 1963-லோ யாரும் அவற்றை ஓட்டவில்லை, அவற்றில் யாரும் தோற்கவுமில்லை. மூன்று பழைய பாகங்களோடு நிற்கும் நம்பர் ஒன்னில் உள்ள ஏதோ ஒன்று இவற்றில் இல்லை. இவற்றைப் புதியவை என்று சொல்லியே விற்கிறார்கள் என்பதால் அதில் குற்றமும் இல்லை.

குற்றம் எங்கே வருகிறது என்றால், மாற்றியதை மறைக்கும் இடத்தில். புதிய சேஸிஸில் பழைய எண்ணைக் குத்தி, பழைய தகட்டை ஆணி அடித்து வைத்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று சொல்லும் இடத்தில். நம்பர் ஒன்னுக்குக் கிடைத்த தீர்ப்பை அந்த மாதிரி வேலைக்குத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. அந்த வழக்கில் ஒவ்வொரு மாற்றமும் எந்த வருஷம், எதனால் என்று வெளிச்சத்தில் வைத்துத்தான் காரின் பேர் நிலைத்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒரு பழைய கார் இருந்தால், அது பென்ட்லியாக இருக்க வேண்டும் என்றில்லை, நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பழைய ஆர்.சி. புக் கிழிந்துபோயிருந்தாலும் எறியாதீர்கள். மெக்கானிக் கடை பில்களைத் தேதி வரிசையில் கோத்துவையுங்கள். என்ஜினையோ சேஸிஸையோ மாற்ற நேர்ந்தால், கழற்றுவதற்கு முன்பு எண் தெரியும்படி படம் எடுங்கள், மாற்றிய காரணத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். கழற்றிய சேஸிஸை மட்டும் பழைய இரும்புக் கடைக்கு எண்ணோடு அனுப்பிவிடாதீர்கள். காரோடு சேர்த்தே அதுவும் அடுத்தவர் கைக்குப் போகட்டும். அந்த எண்ணின்மேல் இன்னொரு கார் எழும்பி வந்தால், எது உங்கள் கார் என்று சொல்ல அப்போது நீங்கள் இருப்பீர்களா என்பது நிச்சயம் இல்லை.